சம்மன் வரவில்லை, பிடித்தம் வந்துவிட்டது: சின்னக் கடன் வழக்கில் ‘சார்பு’ என்றால் என்ன?

சம்பளச் சீட்டில் ‘கோர்ட் அட்டாச்மெண்ட்’ என்று புதிதாக ஒரு வரி. 9,000 ரூபாய் பிடித்தம். அரசுப் பள்ளியில் அலுவலக உதவியாளராக இருப்பவர், ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று நினைத்து அலுவலகத்தில் போய்க் கேட்கிறார். அங்கே ஒரு நீதிமன்ற உத்தரவின் நகலை எடுத்துக் காட்டுகிறார்கள். 2019-இல் திண்டுக்கல்லில் இருந்தபோது புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய அறுபதாயிரம் ரூபாய், வழக்காகி, தீர்ப்பாகி, வட்டியோடும் செலவுத்தொகையோடும் ராமநாதபுரம் வரை அவரைத் தேடி வந்திருக்கிறது.

“எனக்கு சம்மனே வரலையே சார்!”

இவர் நான் உதாரணத்துக்காக உருவாக்கிய மனிதர். ஆனால் அந்த வாக்கியத்தை எந்த முன்சீப் கோர்ட் வராந்தாவில் நின்றாலும் ஒரு வாரத்துக்குள் நீங்கள் கேட்டுவிடலாம். சில சமயம் அது உண்மை. சில சமயம் பொய். இன்னும் சில சமயம் அது உண்மையாகவே இருந்தும் பயன்படாமல் போகும். மூன்றாவது வகைதான் பலருக்குப் புரிவதில்லை.

முதலில் அடிப்படை. உங்கள் மீது ஒருவர் வழக்குப் போட்டால், வழக்கு இருக்கிறது என்பதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது நீதிமன்றத்தின் பொறுப்பு. தெரிவிக்கும் தாள்தான் சம்மன், தமிழில் அழைப்பாணை. அதை உரிய ஆளிடம் உரிய முறையில் சேர்ப்பதற்கு ‘சார்பு செய்தல்’ என்று பெயர். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, “சம்மன் சர்வ் ஆயிடுச்சா?” என்றுதான் கேட்பார்கள். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதற்கென்றே ஒரு முழு அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறது. கட்டளை 5. முப்பது விதிகள்.

ஒரு காகிதத்தைக் கொடுப்பதற்கு முப்பது விதியா என்று தோன்றும். கடன் வாங்கினீர்களா, திருப்பிக் கொடுத்தீர்களா என்பதெல்லாம் பிற்பாடு வரும் கேள்விகள். உங்களுக்குத் தெரியாமலேயே உங்களைப் பற்றி முடிவெடுத்துவிடக் கூடாது என்பது அவற்றுக்கெல்லாம் முந்தியது. சின்னக் கடன் வழக்கில் இது இன்னும் முக்கியம். ஐந்து கோடி ரூபாய் நில வழக்கில் எதிராளிக்குத் தகவல் எப்படியும் போய்விடும், ஊரே பேசும். அறுபதாயிரம் ரூபாய் வழக்கைப் பற்றி யார் பேசுவார்கள்? சம்மன் மட்டும்தான் பேச வேண்டும்.

சம்மன் எப்படி வர வேண்டும்

நீதிபதியின் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரின் கையெழுத்தும் நீதிமன்ற முத்திரையும் இருக்க வேண்டும். வழக்கு எண், வாய்தா தேதி இருக்க வேண்டும். கூடவே பிராதின் நகலும் வர வேண்டும். எதிராளி என்ன கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார் என்று தெரியாமல் நீங்கள் எதற்குப் பதில் சொல்வீர்கள்? சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். காரணம் சொன்னால் நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டித் தரலாம்.

கொண்டு வருபவரை எல்லோரும் அமீனா என்றே சொல்கிறோம். அலுவலகக் கணக்கில் அவர் கட்டளைப் பணியாளர்; ஜப்திக்கு வருபவர் கட்டளை நிறைவேற்றுநர். ஊர் வழக்கில் இரண்டு பேரும் அமீனாதான், நானும் அப்படியே எழுதுகிறேன்.

அமீனா முதலில் தேட வேண்டியது உங்களைத்தான். கையில் கொடுத்து, அசல் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். நீங்கள் வீட்டில் இல்லை, நியாயமான கால அளவுக்குள் வீட்டில் கிடைக்கும் வாய்ப்பும் இல்லை, உங்களுக்காகப் பெற்றுக்கொள்ள முகவரும் இல்லை என்றால், உங்களோடு ஒரே வீட்டில் வசிக்கும், வயது வந்த குடும்ப உறுப்பினரிடம் கொடுக்கலாம். 1976-இல் சட்டத்தைத் திருத்தும் வரை இந்த விதியில் ‘ஆண் உறுப்பினர்’ என்றே இருந்தது. மனைவி கையில் கொடுத்தால் செல்லாது. பதினெட்டு வயது மகன் கையில் கொடுத்தால் செல்லும்! இப்போது ஆணோ பெண்ணோ, யாரிடமும் கொடுக்கலாம். ஆனால் வீட்டு வேலைக்காரர் குடும்ப உறுப்பினர் ஆகமாட்டார் என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. வீட்டு உரிமையாளர், பக்கத்து வீட்டு அக்கா, அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், கடைப் பையன் ஆகியோரும் ஆகமாட்டார்கள். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவதும் சார்பு ஆகாது.

நீங்கள் வாங்க மறுத்தால், அல்லது உரிய முயற்சி எடுத்துத் தேடியும் கிடைக்காவிட்டால், கட்டளை 5 விதி 17 வழி சொல்கிறது. சம்மன் நகலை வீட்டு முன்கதவிலோ கண்ணில் படும் இடத்திலோ ஒட்டலாம். தகராறுகளில் பாதி இந்த விதியில்தான் பிறக்கிறது.

இதோடு தபாலும் உண்டு. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால், விரைவுத் தபால், நீதிமன்றம் அங்கீகரித்த கூரியர், மின்னஞ்சல் ஆகிய எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. (2025-இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். பழைய வழக்குக் கட்டுகளில் ‘ஆர்.பி.ஏ.டி.’ என்ற எழுத்துகளைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.) வாதியே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவும் நீதிமன்றம் அனுமதிக்கலாம். கூரியர் போன்ற இந்த வழிகளைக் கொண்டுவந்த சட்டத் திருத்தங்களை எதிர்த்துப் போனதுதான் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த புகழ்பெற்ற வழக்கு. 2005-இல் உச்ச நீதிமன்றம் திருத்தங்கள் செல்லும் என்றது. அதே சமயம், வாதி வழியாகவும் கூரியர் வழியாகவும் கொடுக்கும்போது பொய்யான சார்பு அறிக்கைகள் வர வாய்ப்பு உண்டு, கவனமாக இருங்கள் என்றும் கீழ் நீதிமன்றங்களை எச்சரித்தது. வாங்காமல் ஓடி ஒளியும் பிரதிவாதிகளையும் அந்தத் தீர்ப்பு சும்மா விடவில்லை. இரண்டு பக்கமும் திருட்டுத்தனம் உண்டு என்பது உச்ச நீதிமன்றம் வரை தெரிந்த சங்கதி.

அந்த நாலு வரி

“சம்மன் வரலை” என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் கேட்பது, “ரிட்டர்ன் பார்த்தீங்களா?” என்பதுதான். சம்மனைக் கொண்டுபோன அமீனா திரும்பி வந்து அதன் பின்பக்கம் எழுதிக் கொடுக்கும் அறிக்கை அது. பல பேர் நீதிபதியின் தீர்ப்பு நகலை மட்டும் வாங்கி வந்து முன்பின் புரட்டிக்கொண்டிருப்பார்கள். தீர்ப்பில் ஒன்றும் இருக்காது. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது பிரதிவாதி வராமலேயே கொடுக்கும் தீர்ப்பு, பெரும்பாலும் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். உங்கள் வழக்கு இருப்பது அந்த ரிட்டர்னில்.

நம் அலுவலக உதவியாளரின் வழக்குக் கட்டில் இப்படி ஒரு அறிக்கை இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“இன்று மேற்படி விலாசத்துக்குச் சென்றேன். பிரதிவாதி வீட்டில் இல்லை. விசாரித்ததில் வெளியூர் சென்றிருப்பதாகத் தெரிகிறது. சம்மன் நகலை முன்கதவில் ஒட்டிவிட்டுத் திரும்பினேன்.”

படித்தால் குறை ஒன்றும் தெரியாது. மெதுவாகப் படியுங்கள். எத்தனை முறை போனார்? ‘இன்று’ என்ற ஒரே நாள்தான் தெரிகிறது. ஒரு தடவை போய்க் கதவைத் தட்டிவிட்டு ஒட்டுவதை, சட்டம் கேட்கும் ‘உரிய, நியாயமான முயற்சி’ என்று சொல்ல முடியாது. வேலைக்குப் போகிறவர் பகல் பதினொரு மணிக்கு வீட்டில் இருக்கமாட்டார் என்பது அமீனாவுக்கும் தெரியும். யாரிடம் விசாரித்தார்? பெயர் இல்லை. இது பிரதிவாதியின் வீடுதான் என்று அடையாளம் காட்டியது யார்? ஒட்டியபோது கூட இருந்தது யார்? இந்த இருவரின் பெயரையும் விலாசத்தையும் எழுத வேண்டும் என்று விதி 17 வெளிப்படையாகவே சொல்கிறது. எழுதவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை, அது யார் கதவு என்பது. நம் ஆளுக்கு 2020-இல் ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. வழக்கு போட்டது 2021 கடைசியில். ஒட்டிய கதவு, அவர் காலி செய்துவிட்டுப் போன வாடகை வீட்டின் கதவு. ஒருவர் வழக்கமாக வசிக்கும் வீட்டில், அல்லது தொழில் செய்யும் இடத்தில்தான் ஒட்டலாம். முன்பு எப்போதோ குடியிருந்த வீட்டில் ஒட்டினால், அது அங்கே புதிதாகக் குடிவந்தவருக்கு ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. ஒட்டிவிட்டு வந்த அறிக்கையை நீதிமன்றம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதோடு அமீனாவின் பிரமாண வாக்குமூலம் இல்லை என்றால், அவரைப் பிரமாணத்தில் விசாரிக்க வேண்டும். பிறகு, சார்பு முறையாக நடந்தது என்று அறிவிக்க வேண்டும், அல்லது வேறு வகையில் சார்பு செய்ய உத்தரவிட வேண்டும். இது விதி 19. ஒரே நாளில் எத்தனையோ வழக்கு கூப்பிடும் நீதிமன்றத்தில் இந்தப் படி நழுவிப்போவதை நான் குறையாகச் சொல்லவில்லை. நழுவியிருந்தால் அது உங்களுக்குக் கிடைத்த பிடி என்று சொல்கிறேன்.

தபால் உறையின் மேல் தபால்காரர் எழுதுவதையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். ‘விலாசத்தில் இல்லை, போய்விட்டார்’ என்று திரும்பி வந்தால் அது உங்களுக்குச் சாதகமான சாட்சி. ‘பெற மறுத்தார்’ என்று வந்தால் கதையே வேறு. மறுத்தால் பெற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். சரியான விலாசத்துக்குத் தபால் கட்டணம் செலுத்தி, ஒப்புகை அட்டையோடு அனுப்பியிருந்து, 30 நாளாகியும் அட்டை திரும்பவில்லை என்றால்கூட, சார்பானதாக நீதிமன்றம் அறிவிக்கலாம். நீங்கள் மறுக்கவே இல்லை, தபால்காரர் சும்மா எழுதிவிட்டார் என்றால், அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் வரும். அந்தத் தேதியில் வேலைக்குப் போன வருகைப் பதிவேடு, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, ரயில் டிக்கெட் என்று ஏதாவது ஒரு காகிதம் வேண்டும். வாய்ப்பேச்சு நிற்காது.

பிறகு பத்திரிகை விளம்பரம். நாளிதழின் உள்பக்கத்தில் எறும்பு எழுத்தில், ‘தாங்கள் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ ஆஜராகத் தவறினால்…’ என்று வருமே, அதுதான். பிரதிவாதி வேண்டுமென்றே ஒளிகிறார், அல்லது சாதாரண வழியில் சார்பு செய்யவே முடியாது என்று நீதிமன்றம் திருப்தி அடைந்தால்தான் இதற்கு உத்தரவிடலாம். அவர் கடைசியாக வசித்த பகுதியில் விற்பனையாகும் நாளிதழாகவும் இருக்க வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், இரண்டு தடவை சம்மன் திரும்பினாலே விளம்பர மனு போட்டுவிடுகிறார்கள். வேலை சுலபம். மாற்றலாகிப் போனவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று அவருடைய துறையில் ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்!

எக்ஸ்பார்ட்டி

வாய்தா அன்று டவாலி வராந்தாவுக்கு வந்து பிரதிவாதியின் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். பதில் இல்லை. சம்மன் முறையாகச் சார்பாகியிருந்தால், அவர் இல்லாமலேயே வழக்கை நடத்தலாம். சார்பாகவில்லை என்றால் இரண்டாம் சம்மன் அனுப்ப வேண்டும். சார்பாகியும், வந்து சேரப் போதிய அவகாசம் இல்லை என்றால் தள்ளிவைக்க வேண்டும். இது கட்டளை 9 விதி 6. முதல் வகையில் பிரதிவாதியை ‘எக்ஸ்பார்ட்டி’ ஆக்குவார்கள். வாதி ஒரு சாட்சி சொல்லி, புரோநோட்டைச் சான்றாவணமாகக் குறியிட்டு, தீர்ப்பு வாங்கிவிடுவார். புரோநோட்டு வழக்கில் இது இன்னும் லேசு. நோட்டில் கையெழுத்து இருந்தால் பணம் கைமாறியது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் சொல்கிறது. அதை மறுத்துப் பேச வேண்டியவர் நீங்கள். நீங்களோ அங்கே இல்லை.

தீர்ப்புக்குப் பிறகு வாதிக்கு 12 வருஷம் நேரம் இருக்கிறது. அதற்குள் எப்போது வேண்டுமானாலும் நிறைவேற்று மனு போடலாம். சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. கணக்குக்கு 28,000 ரூபாய் சம்பளம் என்றால், ஆயிரம் கழித்து 27,000. அதில் மூன்றில் ஒரு பங்கு 9,000. நம் ஆளின் சீட்டில் வந்த பிடித்தம் அதுதான். உடுதுணி, படுக்கை, சமையல் பாத்திரம், மதவழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. நிறைவேற்று மனுவின் நோட்டீஸும் அதே பழைய விலாசத்துக்கே போயிருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். நியூயார்க்கில் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: ‘சூவர் சர்வீஸ்’, அதாவது சாக்கடைச் சார்பு. சம்மனைச் சாக்கடையில் வீசிவிட்டு, நேரில் கொடுத்ததாகச் சத்தியம் செய்துவிடுவது. அங்கே சம்மன் கொடுப்பவர்கள் தனியார். ஒரு தாளுக்கு இவ்வளவு என்று கூலி. 2009-இல் அந்த மாநில அட்டர்னி ஜெனரல், இப்படிப்பட்ட சார்பின் பேரில் வாங்கிய சுமார் ஒரு லட்சம் கடன் தீர்ப்புகளை ரத்து செய்யக் கேட்டு வழக்கே தொடுத்தார். பிறகு நியூயார்க் நகரம், சம்மன் கொடுப்பவர்கள் ஜி.பி.எஸ். பதிவு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. நம் இ-கோர்ட்ஸ் திட்டத்திலும் கட்டளைப் பணியாளர்களுக்காக ‘என்ஸ்டெப்’ என்று ஒரு செயலி இருக்கிறது. போன இடம், நேரம், புகைப்படம் ஆகியவற்றை அதில் பதிவு செய்யலாம். உங்கள் வழக்கில் அந்தப் பதிவு இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

தெரிந்திருந்தால்?

இனித்தான் சிக்கலான இடம். சார்பில் குறை இருக்கிறது என்று நிரூபித்துவிட்டாலே தீர்ப்பு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கட்டளை 9 விதி 13 இரண்டு வாசல் வைத்திருக்கிறது. ஒன்று, சம்மன் முறையாகச் சார்பாகவில்லை. இன்னொன்று, சார்பாகியும் வர முடியாதபடி போதிய காரணம் இருந்தது. இந்த வாசல்களில் 1976-இல் ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள். வாய்தா தேதி பிரதிவாதிக்குத் தெரிந்திருந்தது, வந்து பதில் சொல்ல அவகாசமும் இருந்தது என்று நீதிமன்றம் திருப்தி அடைந்தால், சார்பில் இருக்கும் வெறும் முறைகேட்டுக்காக மட்டும் தீர்ப்பை ரத்து செய்யக் கூடாது.

ஆகவே ‘சார்பே இல்லை’ என்பது வேறு, ‘சார்பில் குறை’ என்பது வேறு. காலி செய்த வீட்டில் ஒட்டியது முதல் வகை. உங்கள் சொந்த வீட்டுக் கதவில், நீங்கள் உள்ளே இருக்கும்போதே ஒட்டினார்கள், ஆனால் சாட்சியின் விலாசத்தை எழுத விட்டுவிட்டார்கள் என்றால் அது இரண்டாம் வகை. அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் நீதிபதி சிரிக்காமல் இருந்தால் சரி.

தெரிந்திருந்தது என்பதை எதிராளி எப்படிக் காட்டுவார்? இப்போதெல்லாம் வாட்ஸப். “அண்ணே, 14-ஆம் தேதி வாய்தாவாமே, அதுக்கு முன்னாடி பேசி முடிச்சுக்கலாமா?” என்று நீங்களே அனுப்பிய ஒரு செய்தி போதும். அல்லது வக்காலத்து. வழக்கின் நடுவில் ஒரு வக்கீல் உங்களுக்காக ஒரு நாள் ஆஜராகி, பிறகு நீங்கள் அவரைப் பார்க்கவே போகவில்லை என்றால், ‘சம்மன் வரவில்லை’ என்ற பேச்சுக்கு இடமே கிடையாது. உங்களுக்கு மிச்சம் இருப்பது ‘போதிய காரணம்’ என்ற இரண்டாவது வாசல்தான்.

வாங்காமல் இருந்தால் வழக்கு நகராது என்று இன்னும் டீக்கடையில் யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அமீனாவைக் கண்டதும் பின்வாசல் வழியாகப் போவது, “அவர் ஊர்ல இல்லை” என்று பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்வது. இதைவிட மோசமான யோசனை கிடையாது. வழக்கு நகரும், உங்களை விட்டுவிட்டு நகரும்.

முப்பது நாள்

ரத்து மனு போட 30 நாள்தான். எப்போதிலிருந்து என்பதுதான் கேள்வி. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், பிரிவுக்கூறு 123: தீர்ப்பாணை தேதியிலிருந்து; சம்மன் முறையாகச் சார்பாகாதிருந்தால், தீர்ப்பாணை இருப்பது உங்களுக்குத் தெரிந்த தேதியிலிருந்து. பத்திரிகை விளம்பரம் போன்ற மாற்றுவழிச் சார்பை இந்தக் கணக்குக்கு முறையான சார்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அங்கேயே ஒரு விளக்கம் இருக்கிறது. விளம்பரத்தைப் பார்க்காதவருக்கு இது பெரிய வரம்.

நம் ஆளுக்குத் தெரிந்த நாள் எது? சம்பளச் சீட்டு கைக்கு வந்து, அலுவலகத்தில் உத்தரவைக் காட்டிய நாள். அன்றிலிருந்து எண்ண வேண்டும். அடுத்த மாதம் பொங்கல், அதற்கடுத்த மாதம் பிள்ளைக்குப் பரீட்சை என்று விட்டால், தாமதத்தை மன்னிக்கத் தனியாக ஒரு மனு போட்டு ஒவ்வொரு வாரத்துக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த உத்தரவின் நகலைத் தேதியோடு வாங்கிப் பத்திரப்படுத்துவது முதல் வேலை.

இரண்டாவது வேலை, இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ உங்கள் பெயரைப் போட்டு வழக்கைத் தேடுவது. ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண் இருக்கும். என்றைக்கு எக்ஸ்பார்ட்டி ஆக்கினார்கள், என்றைக்குத் தீர்ப்பு என்று வாய்தாவாரியாகத் தெரியும். வேறு வழக்கு ஏதாவது இருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள்; கடன் தனியாக வருவது குறைவு. மூன்றாவது, நகல் மனு போட்டு பிராது, சம்மன் ரிட்டர்ன், தபால் உறை, குறிப்புத்தாள், தீர்ப்பு அத்தனைக்கும் சான்றிட்ட நகல் வாங்குவது. நகல் வருவதற்காக மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். முதலில் மனு, பின்னால் நகல் என்றும் தாக்கல் செய்யலாம்.

மனுவில் பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். ஆதாரம் இல்லாத ஆத்திரத்தை அதில் கொட்டாதீர்கள். ‘மேற்படி தேதியில் நான் மேற்படி விலாசத்தில் வசிக்கவில்லை’ என்ற ஒரு வாக்கியமும், அதைக் காட்டும் மாற்றல் உத்தரவு, புது ஊர் வாடகை ஒப்பந்தம், கேஸ் புத்தகம், பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவையும், ‘அமீனா லஞ்சம் வாங்கிவிட்டார்’ என்று நான்கு பக்கம் எழுதுவதைவிட வலுவானவை. பெரும்பாலான தவறான சார்புகளில் சதி கிடையாது. பழைய விலாசம், அவசரம், ஒரே நாளில் தீர்க்க வேண்டிய இருபது சம்மன்.

மனுப் போட்டதாலேயே பிடித்தம் நின்றுவிடாது. நிறைவேற்றத்தை நிறுத்திவைக்கத் தனியாகக் கேட்க வேண்டும். தீர்ப்பை ரத்து செய்யும்போது செலவுத்தொகை கட்டு, ஒரு பகுதியை நீதிமன்றத்தில் செலுத்து என்று நிபந்தனை விதிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மனு தள்ளுபடியானால் அதன் மேல் மேல்முறையீடு இருக்கிறது. தீர்ப்பின் மேலேயே நேரடியாக மேல்முறையீடு செய்யும் வழியும் இருக்கிறது. ஆனால் அதில் தோற்றால் பிறகு ரத்து மனுவுக்கு வர முடியாது. எது முதலில் என்பதை வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி 15100.

ரத்தானால் என்ன கிடைக்கும்? கடன் ரத்தாகாது. வழக்கு மறுபடி பழைய இடத்துக்கு வரும், அவ்வளவுதான். பணத்தில் பாதியைத் திருப்பியதற்கு ரசீது இருந்தால் அதைக் காட்டலாம். நோட்டில் தொகையைத் திருத்தியிருந்தால் சொல்லலாம். நோட்டு தேதியிலிருந்து மூன்று வருஷம் கடந்து வழக்கு போட்டிருந்தால் அதைக் கிளப்பலாம். ஒன்றுமே இல்லை, வாங்கியது உண்மை, திருப்பாததும் உண்மை என்றால், ரத்து மனுவில் வக்கீல் கட்டணம் செலவழிப்பதற்குப் பதில் லோக் அதாலத்தில் உட்கார்ந்து வட்டியைக் குறைக்கப் பேசுவது புத்திசாலித்தனம். எனக்கு வேலை குறையும், இருந்தாலும் சொல்கிறேன்.

கடன் கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிராதில் புரோநோட்டில் இருக்கும் விலாசத்தையே காப்பி அடிக்காதீர்கள். தெரிந்த எல்லா விலாசத்தையும், வேலை செய்யும் இடத்தையும், அப்பா பெயரையும், கைபேசி எண்ணையும் கொடுங்கள். ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும் ஊர்கள் நம் ஊர்கள். ஓட்டைச் சார்பில் சீக்கிரம் வாங்கிய தீர்ப்பு, நாலு வருஷம் கழித்து ரத்தாகி முதல் வாய்தாவுக்கு வரும்போது, புரோநோட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் உயிரோடு இருப்பாரா என்பதே நிச்சயமில்லை.

நம் அலுவலக உதவியாளர் இப்போது மனு போட்டுவிட்டார். அதை எடுத்த எடுப்பில் அனுமதித்துவிட முடியாது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுக்காமல் எந்தத் தீர்ப்பையும் ரத்து செய்யக் கூடாது. கட்டளை 9 விதி 14. ஆகவே நீதிபதி நோட்டீஸுக்கு உத்தரவிடுகிறார். நம் ஆள் நோட்டீஸ் அனுப்புவதற்கான கட்டணத்தை, அதாவது ‘படி’யை, கட்டுகிறார். வக்கீல் குமாஸ்தா பேனாவை எடுத்துக்கொண்டு, “கடன் கொடுத்தவர் இப்ப எந்த விலாசத்துல இருக்கார்?” என்று அவரைக் கேட்கிறார்.